ஆர்எக்ஸ் இல்லீங்க, இது ஓசூர் வண்டி

மறுபடியும் ஒருத்தர் கேட்டுட்டாரு.

பாகலூர் ரோட்டுல ஒரு டீக்கடை. வண்டிய ஓரமா நிறுத்தி ஹெல்மெட்டைக் கழட்டறதுக்குள்ள, டீ கிளாசோட ஒரு தம்பி வண்டிய சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு.

"அண்ணா, ஆர்எக்ஸா?"

"இல்லப்பா. ஏஎக்ஸ்."

"ஓ... சைனா வண்டியாண்ணா?"

எனக்கு டீ இறங்கல.

(கழுத்துல அடையாள அட்டை தொங்குது. வேலை பாக்கறதே டூவீலருக்கு பார்ட்ஸ் செய்யற ஒரு யூனிட்ல!)

தம்பிய திட்டி என்ன ஆகப்போகுது. அவர் பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த வண்டி உற்பத்திய நிறுத்திட்டாங்க. ஆனா ஓசூர்ல நின்னுகிட்டு, ஓசூர்ல செஞ்ச வண்டிய சைனாவான்னு கேட்டா வயிறு எரியுமா எரியாதா? அந்த எரிச்சல்லதான் இத எழுதறேன். நீளமா போகும், காபி போட்டுட்டு வந்துடுங்க.

வண்டி பேரு இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. வந்தது 1984-ல. ஜப்பான் கம்பெனிங்களோட கூட்டு சேர்ந்து நம்ம நாட்டுல இறக்கின 100 சிசி வண்டிங்கள்ல இதுதான் மூத்தது. ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது 1985. எல்லாரும் உயிர விடற யமஹா ஆர்எக்ஸ் 100-ம் 1985 கடைசியிலதான். கவாசாகி பஜாஜ் அதுக்கும் பின்னாடி. மத்தவங்கல்லாம் டெல்லி பக்கம், புனே பக்கம்னு செஞ்சாங்க. இது நம்ம ஊர்ல செஞ்சது. 1980-ல டிவிஎஸ் 50 மொபெட் எந்த ஊர்லேர்ந்து வெளிய வந்துச்சோ, அதே ஊர். 1982-ல சுசுகியோட கை குலுக்கினாங்க, ரெண்டு வருஷத்துல இந்த வண்டி ரோட்டுக்கு வந்துடுச்சு. அப்பறம் டிவிஎஸ்-சுசுகின்னு பேர் மாறி, சாமுராய், ஷோகன், ஃபியரோன்னு வரிசையா வந்து, 2001-ல ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்க. அந்தக் கதைய கேட்டா எங்க ஊர் பெரியவங்க மணிக்கணக்கா சொல்லுவாங்க.

ஆர்எக்ஸ் வேகம் ஜாஸ்திதான். ஒத்துக்கறேன். அதுல இருக்கற குதிரை இதுல இல்ல. சினிமாவுல ஹீரோ ஓட்டினது அது. இதுல போனது யாருன்னா, சிப்காட்ல முதல் ஷிஃப்டுக்குப் போறவரு, எல்ஐசி ஏஜென்ட்டு, பால் சொசைட்டி செக்ரட்டரி. அதனாலதான் எனக்குப் புடிச்சிருக்கு.

சரி, வண்டி கெடச்ச கதை.

சூளகிரி பக்கம் ஒரு கிராமம். கூட வேலை பாக்கறவரோட சொந்தக்காரர் வீட்டுக்கு மாம்பழ சீசன்ல போயிருந்தோம். மாட்டுக் கொட்டகை மூலையில தீவனத் தட்டுக்கு முட்டுக் குடுத்து ஒண்ணு நிக்குது. சீட்டு மேல கோழி அடை காக்குது. நான் கிட்ட போனதும் கோழி என்னைப் பாத்த பார்வை இருக்கே... விடுங்க.

மாட்டுக் கொட்டகையில நின்ன வண்டிய வாங்காதீங்கன்னு பழைய வண்டிக்காரங்க எல்லாருமே சொல்லுவாங்க. நிஜம்தான். ஓசூர் மேட்டு ஊரு, கடல் காத்து கெடையாது. சென்னையில நிக்கற வண்டிய விட இங்க நிக்கற வண்டி துரு கம்மியாத்தான் புடிக்கும். ஆனா மாட்டு மூத்திரத்துல இருக்கற உப்பும் அம்மோனியாவும் கடல் காத்துக்கு சளைச்சது இல்ல. கீழ்ப்பாதி மொத்தமும் போயிருந்துச்சு. செயின கையில எடுத்தா முறுக்கு மாதிரி வெறைச்சு நிக்குது. சைலன்சர் அடியில ரெண்டு விரல் போற ஓட்டை. கிக்கர் அசையவே இல்ல.

டேங்க் மேல மட்டும் பழைய சிவப்பு பெயின்ட். அங்கங்க வெளுத்திருந்தாலும் கம்பெனி பெயின்ட்டுதான்.

பெரியவர்கிட்ட கேட்டேன். "எடைக்குப் போடலாம்னு இருந்தேன் தம்பி. காயலாங்கடைக்காரன் வரேன்னான், வரல"ன்னாரு. அந்தக் காயலாங்கடைக்காரர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

நான் முதல்ல கேட்டது வண்டிய இல்லீங்க, ஆர்சி புக்க. (ஆமா, புக்குதான். அட்டை போட்டு, கையால எழுதி, சீல் வெச்சது.) பீரோவுல, பட்டா கூட வெச்சிருந்தாரு. டிஎன் வரிசை வர்றதுக்கு முந்தின நம்பர். அது இல்லேன்னா நான் அப்படியே திரும்பி வந்திருப்பேன். பழைய வண்டியில எஞ்சின் சரி பண்ணலாம், ஃபிரேம் சரி பண்ணலாம், ஆர்சி இல்லாததை மட்டும் எந்த மெக்கானிக்கும் சரி பண்ண முடியாது. அதுவும் நம்ம எல்லையில இன்னும் உஷாரா இருக்கணும். அத்திப்பள்ளி தாண்டினா கேஏ நம்பர் வண்டி சல்லிசா கெடைக்கும், ஆசையா இருக்கும். அந்த ஊர் ஆர்டிஓகிட்டயிருந்து என்ஓசி வாங்கித் தர ஓனர் தயாரா இல்லேன்னா, டீ குடிச்சிட்டு பஸ் ஏறி வந்துடுங்க.

இன்னொண்ணு. 2021-ல மத்திய அரசு வின்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. அம்பது வயசு ஆகியிருக்கணும், நம்பர்ல 'விஏ'ன்னு வரும், புதுசா பதிய 20,000 ரூபாய். நம்ம வண்டிக்கு வயசு பத்தல. கோழிய இன்னும் ஒரு பத்து வருஷம் உக்கார விட்டிருந்தா வின்டேஜ் ஆகியிருக்கும்! இப்போதைக்கு அது வெறும் பழைய வண்டி. டூவீலர் ஆர்சி புதுப்பிக்க முன்னாடி 300 ரூபாய் இருந்துச்சு, 2022-ல 1,000 ஆச்சு, 2025-ல இருபது வருஷம் தாண்டின வண்டிக்கு 2,000 ஆக்கிட்டாங்க. காயலாங்கடைக்குப் போங்கடான்னு மரியாதையா சொல்றாங்க.

குட்டியானையில ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு.

"என்னங்க இது?"

"சுசுகி."

"மீதி எங்க?"

(வீட்டம்மாகிட்ட நான் தோத்த இடங்கள்ல இதுவும் ஒண்ணு.) போர்ட்டிகோவுல பாதி எனக்குன்னு ஒப்பந்தம். கோலம் போடற இடத்துல ஒரு சொட்டு ஆயில் விழக்கூடாது. இன்னிக்கு வரைக்கும் அந்த ஒப்பந்தம் அமல்ல இருக்கு.

யூடியூப்ல பாத்திருப்பீங்க. துருப்புடிச்ச வண்டி. ரெண்டு கை. பேச்சே கெடையாது. நட்டு எல்லாம் வெண்ணெய்ல செஞ்சாப்ல கழண்டு வரும். இருபது நிமிஷத்துல வண்டி ஷோரூம்ல நிக்கும். அந்த வீடியோக்காரங்க மேல எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். கழண்டு வராத நட்டை மட்டும் எடிட்டிங்ல தூக்கிடறாங்க. நிஜத்துல வேலையே அந்த நட்டுங்கதாங்க.

முதல்ல ஒரு விஷயம் சொல்றேன், ரொம்ப பேருக்குத் தெரியாது. ஜப்பான் டிசைன் பழைய வண்டிங்கள்ல எஞ்சின் கவர்ல இருக்கற ஸ்டார் ஸ்க்ரூ, நம்ம கடையில விக்கற ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குப் பொருந்தாது. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். நம்மகிட்ட இருக்கறது ஃபிலிப்ஸ். அது ஒரு அளவுக்கு மேல திருகினா தானா மேல ஏறி வழுக்கற மாதிரி வடிவம். ஜப்பான் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ்னு வேற அளவு. தலையில ஒரு சின்ன புள்ளி இருந்தா அதுதான். ஃபிலிப்ஸ் போட்டு முக்கினா ஸ்க்ரூ தலை வட்டக்குழியா ஆகிடும். பழைய எஞ்சின் கவர்ல மழுங்கின ஸ்க்ரூவ பாத்திருப்பீங்களே, மெக்கானிக்கோட கைவலி இல்ல அது, டூல் மாறினதோட வினை. சுத்தியால தட்டற இம்பாக்ட் டிரைவர் ஒண்ணு வாங்கிக்கோங்க. டீசலும் பழைய கியர் ஆயிலும் கலந்து முந்தின நாள் ராத்திரியே சொட்டு சொட்டா விட்டு வெச்சு, காலையில ஒரு தட்டு தட்டினா "டக்"னு ஒரு சத்தம் வரும். அந்த சத்தம் இருக்கே, எந்த இளையராஜா பாட்டுலயும் இல்ல.

இப்ப துரு.

துரு எடுக்க என்னென்ன வழி இருக்கோ அத்தனையும் சோதிச்சுப் பாத்தேன். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எனக்கு வேற பொழுதுபோக்கு இல்ல. கோலாவுல ஊறப்போடுன்னு இன்டர்நெட்ல எல்லாரும் சொல்றாங்க. அதுல பாஸ்பாரிக் அமிலம் இருக்கறது உண்மைதான், ஆனா ரொம்ப கொஞ்சம். ஒரு வாளி கோலா வாங்கற காசுக்கு ரெண்டு கேன் வினிகர் வாங்கலாம், வேலையும் வேகமா ஆகும். எறும்பும் வராது.

அப்பறம் புளி. சிரிக்காதீங்க. கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருந்துகிட்டு புளிய விட்டுட்டு வேற எதைத் தேடறது? பித்தளைக் குடத்த புளி போட்டு தேச்ச பாட்டிங்களுக்குத் தெரிஞ்ச கெமிஸ்ட்ரி அது. புளியில இருக்கற டார்டாரிக் அமிலம் மேல் துருவ கரைக்கும். ஹேண்டில் பார் கிளாம்பு, பிரேக் லீவர் மாதிரி சின்ன சாமானுக்கு பழம்புளிய கரைச்சு கெட்டியா பூசி ஒரு ராத்திரி வெச்சா நல்லாவே வருது. ஆழமா அரிச்ச துருவுக்கு ஆகாது. அதுக்கு மேல போகணும்னா கரெண்ட்டு.

கரெண்ட்டு வழி எனக்கு ரொம்ப புடிச்சுப் போச்சு. ஒரு பிளாஸ்டிக் டிரம், தண்ணி, கைப்பிடி சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர். துருப்புடிச்ச சாமானுக்கு நெகட்டிவ். இன்னொரு பக்கம் வேண்டாத இரும்புத் தகட்டுக்கு பாசிட்டிவ். சாமான் தகட்ட தொடக்கூடாது. சுவிட்ச் போட்டா சாமானச் சுத்தி பொடிப்பொடியா நுரை கிளம்பும். அந்தக் குமிழி ஹைட்ரஜன்ங்க, பீடி பத்தவெச்சுக்கிட்டு குனிஞ்சு பாக்கற வேலை வேண்டாம், திறந்த வெளியில வைங்க. மறுநாள் எடுத்தா துரு கறுப்பு சேறா வழிஞ்சு வரும், நல்ல இரும்பு ஒரு துளி கூட கரைஞ்சிருக்காது. அமிலத்துல அப்படி இல்ல, மறந்து விட்டா நல்ல இரும்பையும் தின்னுடும். ஒண்ணே ஒண்ணு, பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் தட்டைப் போட்டுடாதீங்க. அதுல இருக்கற குரோமியம் தண்ணியில கரைஞ்சு விஷமா மாறும்.

(எவர்சில்வர் தட்டு எடுத்தா வீட்லயும் விஷயம் விஷமா மாறும். அது வேற.)

குரோம் சாமானுக்கு இத்தனை கூத்து வேண்டாம். பிரியாணி பார்சல்ல வர்ற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சு தேய்ங்க. அலுமினியம் குரோமை விட மெத்து, அதனால கீறல் விழாது, துரு மட்டும் வரும். ஹேண்டில் பார் இப்படித்தான் பளிச்சுனு வந்துச்சு. ஊசி குத்தினாப்ல சில புள்ளிங்க இருக்கு, அதை அப்படியே விட்டுட்டேன். குரோம்ங்கறது மேல இருக்கற ரொம்ப மெல்லிய பூச்சுதான், துருவத் தடுக்கறது கீழ இருக்கற நிக்கல். அந்த நிக்கல்ல ஓட்டை விழுந்துட்டா தேச்சு மூட முடியாது, திரும்ப பிளேட்டிங்தான் போடணும்.

பெட்ரோல் டேங்க்தான் என்னைப் படுத்தி எடுத்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா செம்மண் ரோடு. வினிகர் ஊத்தி, ஒரு முழம் பழைய செயினை உள்ள விட்டு, குலுக்கு குலுக்குன்னு குலுக்கினேன். தோள்பட்டை போச்சு. அப்பதான் எதிர் மனையில வீடு கட்டிட்டு இருந்த மேஸ்திரி கலவை மெஷினைக் காட்டி, "சார், அதுல கட்டி விடலாமே"ன்னாரு. (ஓசூர்ல எந்தத் தெருவுலயும் ஒரு வீடு கட்டிக்கிட்டேதான் இருப்பாங்க. முதல் தடவையா அதனால எனக்கு லாபம்.) சாக்குல சுத்தி, கயிறு போட்டு மெஷினுக்குள்ள கட்டி, அவங்க சாப்பாட்டு நேரத்துல சுத்த விட்டோம். பெயின்ட்டுக்கு ஒரு கீறல் இல்ல. உள்ள இரும்பு வெள்ளையா தெரியுது.

வெள்ளையா தெரிஞ்சதும் சந்தோஷப்பட்டு தண்ணி ஊத்தி அலசி வெயில்ல வெச்சா, காயறதுக்குள்ள திரும்ப மஞ்சள் பூத்துடும். அமிலம் பட்ட வெறும் இரும்பு அப்படித்தான். சமையல் சோடா கலந்த தண்ணியில அலசி, உடனே ஹேர் டிரையர் வெச்சு காய வெச்சு, சூடு ஆறறதுக்குள்ள பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலந்து உள்ள எல்லாப் பக்கமும் படற மாதிரி உருட்டணும்.

இப்ப பங்க்ல வர்றது இ20 பெட்ரோல், அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். பழைய ரப்பரையும் பதம் பாக்கும். அதனால பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் ரப்பர் எல்லாத்தையும் புதுசா மாத்தினேன். டேங்கை அரைகுறையா வெச்சு வண்டிய நிறுத்தறதும் இல்ல. காலியா இருக்கற இடத்துலதான் ஈரம் படிஞ்சு துரு ஆரம்பிக்கும்.

எஞ்சினுக்கு வருவோம்.

பிஸ்டன் போர்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டை வழியா டீசல் கலவைய ஊத்தி, தெனமும் வேலைக்குப் போறப்ப கொஞ்சம், வந்ததும் கொஞ்சம். கிக்கரை ஏறி மிதிக்கறவங்க இருக்காங்க. ரிங் உடையும், கிக்கர் பல்லு தேயும். நான் ஹெட்ட கழட்டிட்டு, மரக்கட்டைய வெச்சு லேசா தட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை மயிரிழை இறங்குச்சு. அப்பறம் இறங்கிக்கிட்டே போச்சு. வீட்டுக்குள்ள ஓடிப் போய் சொன்னேன். "என்ன, பிரசவமா?"ன்னு கேட்டாங்க.

போர் அடிபட்டிருந்துச்சு. ரீபோர் பண்ணியே ஆகணும்.

யாராவது "வீட்லயே முழு வண்டியையும் செஞ்சேன்"னு சொன்னா நம்பாதீங்க. அதுவும் ஓசூர்ல உக்காந்துகிட்டு எதுக்கு வீட்லயே எல்லாம் செய்யணும்? இந்த ஊர்ல எந்த சந்துல திரும்பினாலும் ஒரு லேத், ஒரு கிரைண்டிங், ஒரு பிளேட்டிங், ஒரு பவுடர் கோட்டிங். ஐம்பது வருஷமா சிப்காட்டும் சிட்கோவும் வளர்த்த கைங்க அவ்வளவும். வெளியூர்க்காரங்க ஒரு நல்ல போரிங் ஆளைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் போறாங்க. நமக்குப் பக்கத்துத் தெரு.

எனக்கு போர் பண்ணிக் குடுத்தவர் வயசானவர். சிலிண்டரைக் கையில வாங்கினதும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஏஎக்ஸ் தானே?"

அய்யா! இத்தனை நாள்ல கேக்காம சொன்ன முதல் மனுஷன். கால்ல விழலாமான்னு இருந்துச்சு.

ஸ்டாண்டர்டு போர் 50 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கூட்டினா 50.5. ஆனா அவர் பிஸ்டன் இல்லாம கை வைக்க மாட்டேன்னுட்டாரு. "முதல்ல பிஸ்டன கொண்டு வாங்க சார். அதை அளந்துட்டு அதுக்குத் தக்கன போர் போடணும். போர் போட்டுட்டு பிஸ்டன் தேடறவன்தான் ஜாம் ஆகி நடுரோட்டுல நிப்பான்." பிஸ்டனுக்கும் சுவத்துக்கும் விடற இடைவெளி தலைமுடி தடிமனை விடக் கம்மி. அதை மைக்ரோமீட்டர்ல பாத்துட்டு, கடைசியா விரலால தடவிப் பாத்து "சரி"ங்கறாரு. மைக்ரோமீட்டர் எதுக்குங்க அப்பறம்!

பிஸ்டன் தேடி பெங்களூரு, ஜேசி ரோடு. ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல ஏறினா டிராஃபிக் மனசு வெச்சா சீக்கிரம், வெக்கலேன்னா பொழுது சாய. அங்க கடை கடையா ஏறினேன். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, எது வாயில வந்துச்சோ அது.

"ஏஎக்ஸ் பிஸ்டன் இதியா?"

"ஆர்எக்ஸ் இதே குரு. ஒரிஜினல். பேக்கா?"

"ஏஎக்ஸ் பாய், ஏஎக்ஸ்."

"ஆர்எக்ஸ் வண்டியே வாங்கிக்கோங்க சார், ரீசேல் நல்லா இருக்கும்."

கடைசியில ஒரு சின்ன கடையில, பரண்ல, எலி கடிச்ச அட்டைப்பெட்டியில ஓவர்சைஸ் பிஸ்டன் ரிங்கோட கெடச்சுது. பேரம் பேசவே இல்ல. முகத்துல சந்தோஷம் தெரிஞ்சா வெலை ஏறும்னு மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டு காசைக் குடுத்தேன். ஏற்கனவே ஏத்திட்டாருன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது.

பேரிங், ஆயில் சீலுக்கு மட்டும் இப்படி வண்டி பேரைச் சொல்லி அலையவே வேண்டாம். பேரிங் ஓரத்துல நம்பர் பொறிச்சிருக்கும். உதாரணத்துக்கு 6202. கடைசி ரெண்டு எண்ணுதான் உள் ஓட்டை அளவு: 02-ன்னா 15 மில்லிமீட்டர், 03-ன்னா 17, 04-லேர்ந்து அஞ்சால பெருக்கிக்கோங்க. உலகம் முழுக்க ஒரே அளவு. தண்ணி மோட்டார் ரிப்பேர் கடையிலயே கெடைக்கும். ஆயில் சீல்லயும் அப்படித்தான், உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூணும் அச்சடிச்சிருக்கும். டூ-ஸ்ட்ரோக்ல கிராங்க் சீல் ரெண்டையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்திடுங்க. மேக்னட் பக்கம் சீல் போனா காத்தை இழுத்து வண்டி தானா ரேஸ் ஆகும், பிஸ்டன் வெந்துடும். கியர் பாக்ஸ் பக்கம் போனா கியர் ஆயிலைக் குடிச்சு கொசு மருந்து வண்டி ஆகிடும்.

வீல் ரெண்டும் பழைய சைக்கிள் கடைக்காரர்கிட்ட. ஸ்போக் புதுசு போட்டு, கோட்டம் எடுத்துக் குடுத்தாரு. அதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, அருமையா செஞ்சாரு.

ஃபிரேம் பவுடர் கோட்டிங்குக்குப் போச்சு. ஷாட் பிளாஸ்ட் பண்ணி, பவுடர் தெளிச்சு, 200 டிகிரிக்குக் கிட்ட சூட்டுல வேக வைக்கறது. லேசுல துரு புடிக்காத கெட்டி பூச்சு. அதுலயும் ஒரு சிக்கல் உண்டு. சேசிஸ் நம்பர் குத்தியிருக்கற இடத்துல பவுடர் மொத்தமா படிஞ்சா நம்பரே தெரியாது, ஆர்டிஓவுக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்க வராது. அந்த இடத்தையும் பேரிங் உக்கார்ற இடத்தையும் டேப் போட்டு மறைக்கச் சொல்லுங்க. எஞ்சின் கேஸை மட்டும் எக்காரணம் கொண்டும் சேண்ட் பிளாஸ்ட்டுக்குக் குடுக்காதீங்க. ஆயில் போற சந்துல ஒரு மணல் மாட்டினா போதும், புது போரு காலி.

பவுடர் கோட்டிங் கடையில பையன் கேட்டான், "டேங்கும் குடுங்க சார், மெட்டாலிக் புளூ, மேல கோல்டு லைனு, சூப்பரா இருக்கும்."

குடுக்கல. இங்க எனக்கும் ஃபிரெண்ட்ஸுக்கும் சண்டை. ரெஸ்டோரேஷன்னா ஷோரூம்லேர்ந்து எறங்கின மாதிரி இருக்கணும்ங்கறாங்க. எனக்கு அந்தப் பேச்சே புடிக்கறதில்ல. வெளுத்த சிவப்பு டேங்க்ல பெரியவரோட முழங்கால் தேய்ஞ்ச எடம் ரெண்டு பக்கமும் இருக்கு. சாவி வளையம் ஆடி ஆடிப் போட்ட அரைவட்டக் கீறல் இருக்கு. அதையெல்லாம் பட்டி பாத்து மூடிட்டா அப்பறம் அது யார் வண்டி? துரு வேற, தேய்மானம் வேற. துரு வண்டியத் தின்னும், அதை ஒழிச்சுக் கட்டணும். தேய்மானம் வண்டிய ஒண்ணும் பண்ணாது. டேங்க்குக்கு மெழுகு பூசி விட்டதோட சரி. ஓடற பாகம் எல்லாம் புதுசு, பாக்கற பாகம் எல்லாம் பழசு. என் கணக்கு அவ்வளவுதான்.

ஸ்டார்ட் பண்ண நாள்.

ஆயில் பம்ப்பை முதல் ஓட்டத்துக்கு நம்பல. லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயிலை நேரா பெட்ரோல்ல கலந்தேன். சோக்கை இழுத்து மிதிச்சேன். ஒண்ணும் இல்ல. மிதிச்சேன். பொண்ணு மாடியிலேர்ந்து எண்ணிக்கிட்டு இருந்தா, நூறு தாண்டினதும் போரடிச்சு உள்ள போயிட்டா. பிளக் நனைஞ்சிருக்கு, ஸ்பார்க் நீலமா வருது, அப்ப என்னதான்யா? சைலன்சர். இத்தனை வருஷக் கரியோட கோழிக்கூட்டு வைக்கோலும் சேர்ந்து அடைச்சிருக்கு. டூ-ஸ்ட்ரோக்ல வெளிய போற வழி அடைஞ்சா உள்ள வர்ற வழியும் அடைஞ்ச மாதிரிதான். உள் குழாயை உருவி நெருப்புல காட்டி, தட்டி, கம்பி விட்டு இழுத்து மாட்டினேன். (அடி ஓட்டைய முன்னாடியே கேஸ் வெல்டிங்ல அடைச்சாச்சு.)

அப்பறம் மூணாவது மிதியில புடிச்சுச்சு.

தெருவே தெரியல. புகை! எதிர் வீட்டு மேஸ்திரி கை தட்டறாரு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி துணிய எடுத்துக்கிட்டு ஓடறாங்க, எங்க வீட்டம்மா கோலத்த பாக்கறாங்க, ஆயில் சொட்டுதான்னு.

செட்டிங்குக்கு ஒரு விஷயம். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உசரம். சென்னையோட பாத்தா காத்து அடர்த்தி 8, 9 சதவீதம் கம்மி. சமவெளியில சரியா இருக்கற கார்புரேட்டர் இங்க பெட்ரோலை ஜாஸ்தியா குடுக்கும், பிளக் கரி புடிக்கும். ஊசியை ஒரு காடி இறக்கினதும் இங்க அழகா ஓடுச்சு. அந்த சந்தோஷத்துல கேஆர்பி டேம்ல மீன் வறுவல் சாப்பிடலாம்னு சூளகிரி மேட்டுல இறங்கினேன். கிருஷ்ணகிரி நம்மள விட நானூறு மீட்டர் கீழ. அங்க காத்து கெட்டி, அதுக்குத் தக்கன பெட்ரோல் பத்தாது. புது போரு வேற. சூடு ஏறிடுமோன்னு மெதுவா, நடுநடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் போனேன். மீன் ஆறிப்போயிருந்துச்சு. வண்டி ஆறல.

புகை பத்தி யாராவது கேக்கறதுக்குள்ள நானே சொல்லிடறேன். டூ-ஸ்ட்ரோக்ல பெட்ரோல்ல ஒரு பங்கு எரியாமலே வெளிய போகும். 2000-ல வந்த கட்டுப்பாடு அதன் கதைய முடிச்சது நியாயம்தான். இதுல தெனம் ஆபீஸ் போகணும்னு நான் சொல்லவே இல்ல, ஞாயித்துக்கிழமை மட்டும்தான். இதே மாவட்டத்துலதான் ஓசூர்ல ஏதர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யறாங்க, போச்சம்பள்ளிகிட்ட ஓலா ஃபேக்டரி இருக்கு, சூளகிரியில சிம்பிள் எனர்ஜி. அன்னிக்கு சிக்னல்ல ரெண்டு பக்கமும் எலக்ட்ரிக், நடுவுல நான். பச்சை விழுந்ததும் அவங்க ரெண்டு பேரும் சத்தமே இல்லாம காணாம போயிட்டாங்க. நான் கியர் போட்டு, புகை விட்டு, பின்னாடி நின்ன லாரிக்காரர் கிட்ட ரெண்டு வார்த்தை வாங்கிக்கிட்டு கிளம்பினேன். முன்னாடி போனதும் இந்த மாவட்டத்துல செஞ்சது, பின்னாடி போனதும் இந்த மாவட்டத்துல செஞ்சது. வேற எந்த ஊர் சிக்னல்ல இது நடக்கும் சொல்லுங்க?

செலவு எவ்வளவுன்னு கேட்டு நிறைய பேர் மெசேஜ் பண்றீங்க. அந்தக் கணக்கு ஒரு நோட்டுல இருக்கு. அந்த நோட்டு எங்க இருக்குன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இடது பக்க சைடு பேனல் இன்னும் கெடைக்கல. இப்போதைக்கு ஒரு தகட்டை வெட்டி கறுப்பு அடிச்சு மாட்டியிருக்கேன், ஆடுது. தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது ஏஎக்ஸ் பேனல் கெடந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன். எந்தக் கலரா இருந்தாலும் பரவாயில்ல. செயின் கவரும் இருந்தா கூடவே வெச்சிருங்க.

ஆர்எக்ஸ் பேனல் இருக்குன்னு மட்டும் யாரும் போன் பண்ணாதீங்க.